டாங்கி பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் பயிற்சி

ஜோகன்னஸ்பர்க் சாக்சன்வோல்டில், மிருகக்காட்சிசாலையை ஒட்டியிருக்கும் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், இறங்கியதும் டாங்கிகளைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். ஓடட்டும். 1947 ஆகஸ்ட் 29 அன்று அப்போதைய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் திறந்துவைத்த இடம் அது. இரட்டை இருக்கை வைத்த, ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262 இரவுப் போர் விமானம் உலகில் மிஞ்சியிருப்பது அங்கே மட்டும்தான். அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

நம் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் கதை வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், 1899 டிசம்பரில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். சுமார் 300 பேர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாதவர்கள்; மீதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்களில் காயப்பட்டவர்களை அவர்கள் தூக்கினார்கள். சில நாட்கள் 20 முதல் 25 மைல் வரை ஸ்ட்ரெச்சரோடு நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். இதைப் பலகையில் படிக்கவிட்டால் மனதில் தங்காது, தூக்கவிட வேண்டும்.

எப்போது போவது? ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் பாதி நல்லது. மழை இருக்காது. செப்டம்பர் 24ஆம் தேதி பாரம்பரிய நாள் விடுமுறையன்று போக வேண்டாம், கூட்டம் நெரியும். கோடையில் என்றால் எல்லாவற்றையும் மதியத்துக்குள் முடியுங்கள். பிற்பகலில் இடி இறங்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, ஸ்ட்ரெச்சர் பயிற்சிக்கு 50 மீட்டர் சமதளம் வேண்டும் என்பது, இவ்வளவையும் முன்கூட்டியே அருங்காட்சியகத்துக்கு எழுதி, அனுமதியையும் எழுத்திலேயே வாங்குங்கள். இடம் கிடைக்கவில்லையா, பக்கத்திலேயே ஸூ லேக் புல்வெளி இருக்கிறது.

நால்வருக்கு ஒரு ஸ்ட்ரெச்சர். அதற்கு 2.2 மீட்டர் நீளத்தில் கம்பு இரண்டும் கெட்டியான போர்வை ஒன்றும் போதும். துடைப்பக் கட்டை வேண்டாம், நடுவில் படாரென்று முறியும்; 35 மில்லிமீட்டருக்குக் குறையாத மரக் கம்பு எடுங்கள். போர்வையை விரித்து, அதன் மூன்றில் ஒரு பங்கில் முதல் கம்பை வைத்து, துணியை அதன்மேல் மடித்துப் போடுங்கள். மடித்த துணியின்மேல், முதல் கம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி இரண்டாவது கம்பு. மறுபக்கத்துத் துணி இரண்டின் மேலும் வரட்டும். முடிச்சு எதுவும் வேண்டாம். பாரம் அழுத்துவதிலேயே துணி துணியைப் பிடித்துக்கொள்ளும். கம்புகளை அதற்கு மேல் அகட்டி வைத்தால் பாரம் நடுவில் தொங்கும்.

ஆளைப் படுக்கவைக்காதீர்கள். பத்துக் கிலோ மீலி (மக்காச்சோள) மாவுப் பைகள் இரண்டை ஒரு ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றினால் போதும். 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது சரியான பாரம். தலைப்பக்கம் எது என்று சாக்பீஸால் குறியிடுங்கள். ஸ்ட்ரெச்சர் சமதளத்தில் கால்பக்கம் முன்னால் போகும், ஏற்றத்தில் தலைப்பக்கம் முன்னால்.

தூக்கும்போது முதுகை வளைக்கக் கூடாது. குந்தி உட்கார்ந்து, ஒருவர் மட்டும் “ஒண்ணு, ரெண்டு, தூக்கு” என்று குரல் கொடுக்க, நால்வரும் சேர்ந்து எழ வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது நடையில்தான். பள்ளிக்கூட அணிவகுப்புப் பழக்கத்தில் நால்வரும் இடது காலை ஒன்றாக எடுத்துவைப்பார்கள், ஸ்ட்ரெச்சர் தொட்டில் மாதிரி ஆடும். முன்னால் இருப்பவர்கள் இடது காலில் தொடங்கினால் பின்னால் இருப்பவர்கள் வலது காலில் தொடங்க வேண்டும். ஆட்டம் அடங்கிவிடும்.

சோதிக்க ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் ஊற்றி, மாவுப் பைகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். முதல் நடையில் பாதிக்கு மேல் சிந்தும். காலை மாற்றிப் போட்டதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டப் பந்தயமாக மட்டும் விடாதீர்கள். வேகத்துக்கு அல்ல, மிஞ்சிய தண்ணீருக்குத்தான் மதிப்பெண்.

முடிந்ததும் ஒரு கணக்குக் கொடுங்கள்: 20 மைல் என்பது ஏறக்குறைய 32 கிலோமீட்டர்; அப்படியானால் இந்த 50 மீட்டரை எத்தனை முறை நடக்க வேண்டும்? விடை 640. அது வந்ததும் சிவந்துபோன உள்ளங்கையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.