தாய்ச்சிக்குக் கால் பழக்குவது எப்படி?

தாய்ச்சி என்னும் சீனப் போர்க்கலையைப் புதிதாகப் பழக வருகிறவரை முதலில் குனியச் சொல்வேன். முதுகு வளைகிறதா, இடுப்பு மடிகிறதா என்று பார்த்தாலே மீதிக் கதை தெரிந்துவிடும். பெரும்பாலும் முதுகுதான் வளையும்.

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பைச் சீன ஆசிரியர்கள் ‘குவா’ என்பார்கள். ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தின் வழியானாலும் சரி, அங்கே கற்ற யாங் லூச்சானிடமிருந்து பரவிய யாங் வழியானாலும் சரி, கால் வேலை எல்லாம் குவாவைச் சுற்றித்தான். அது இறுகியிருந்தால் அந்தச் சுமையை முழங்கால் வாங்கும். முழங்காலோ முறுக்குவதற்கு ஏற்ற மூட்டு இல்லை.

உடம்பு சூடாகாமல் காலை இழுக்காதீர்கள். கொஞ்சம் நடங்கள், இடுப்பையும் கணுக்காலையும் சுற்றுங்கள். அப்புறம் முழங்காலை லேசாகத் தளர்த்தி, உயரமான முக்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள். இந்த நிலைக்கு ‘ஜான் ஜுவாங்’ என்று பெயர். சலிப்பாக இருக்கும், ஆனால் தவிர்க்க வேண்டாம். தொடை நடுங்க ஆரம்பித்தால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது கால் அழுத்தம். முழங்கால் உயரமுள்ள, ஆடாத ஒரு திண்டில் ஒரு குதிகாலை வையுங்கள். விரல்கள் உங்களை நோக்கி இழுபட்டிருக்கட்டும். தரையில் நிற்கும் பாதம் நேராக முன்னால் பார்க்க வேண்டும். அது வெளியே திரும்பிவிட்டால் இடுப்பும் கூடவே திரும்பி, நீட்சி பாதியாகிவிடும். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு மெல்ல மேலேறும். அதைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துக்கொண்டு, மூச்சை விட்டபடி குவாவில் மடியுங்கள். தொப்புள் தொடையை நோக்கிப் போகட்டும், தலை கடைசியாக வரட்டும். ஐந்தாறு மூச்சு போதும்.

வடசீனப் போர்க்கலைகளில் முகவாய் கால்விரலைத் தொடுவதுதான் பழைய இலக்கு. உயரமான திண்டில் காலை வைத்து முதுகைக் கூனாக்குவதைவிட, தாழ்வான திண்டில் முதுகு நிமிர்ந்திருப்பது எவ்வளவோ மேல். சிறு சிறு துள்ளலாக அழுத்துவதும் பழைய முறையில் உண்டு. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லித்தருவதில்லை.

முடிந்ததும் காலைக் கையால் தூக்கி இறக்காதீர்கள். குதிகாலால் திண்டைச் சில மூச்சு கீழே அழுத்திவிட்டு, காலின் சொந்த பலத்தால் அதைத் திண்டிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். கைத்தாங்கல் இல்லாமல் எட்டுகிற உயரம்தான் உதைக்கும்போது கிடைக்கும். குதிகால் உதையை மெதுவாகச் செய்யும்போது வேகம் கைகொடுக்காது. முதலில் முழங்காலை உயர்த்தி, பிறகுதான் காலை நீட்ட வேண்டும். இடுப்பு உயரம் வந்தாலே தாராளம்.

பாம்பு கீழே ஊர்வதுபோன்ற தாழ்நிலை, அதைத் தொடர்ந்து ஒற்றைக்காலில் நிற்கும் பொற்சேவல் நிலை: இந்த இரண்டையும் ஒன்றாகப் பழகுங்கள். 1956இல் சீனாவில் வகுத்த 24 நிலை வரிசையில் இந்த ஜோடி இருபக்கமும் வருகிறது. எடை முழுவதும் பின்காலில் இருக்க, அதன் முழங்கால் பாதவிரல் பார்க்கும் திசையிலேயே மடியட்டும். குதிகால் தரையை விடக்கூடாது. மற்ற காலை நீட்டி, குதிகால் எழும்பாத அளவுக்கு மட்டும் இறங்குங்கள். பிறகு முன்பாதத்தை வெளியே திருப்பி, எடையை அதற்கு மாற்றி, கையை ஊன்றாமல் எழுந்து பின்முழங்காலை உயர்த்துங்கள். எழ முடியாத ஆழத்துக்கு இறங்கி என்ன பயன்? சென் வழியில் ஒரு முழங்காலை உள்பக்கம் மடித்துத் தரையோடு உட்கார்கிற ‘தியே சா’ இன்னும் கடினம். நேரில் பார்த்துத் திருத்த ஆசிரியர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். பழைய ஆசான்கள் மேசைக்கு அடியில் புகுந்து முழு வரிசையையும் செய்ததாகக் கதை உண்டு, கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் தொடையின் நடுப்பகுதி வலித்தால் கவலையில்லை. உட்காரும் எலும்பின் அடியிலோ முழங்காலின் பின்புறமோ வலித்தால், அது அடங்கும்வரை கால் அழுத்தத்தையும் தாழ்நிலையையும் விட்டுவிட்டு, நிற்கும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். அடங்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.