பட்டனைப் போட்டால் எரியும் கைப்பட்டை: நாமே தைக்கலாம்

சாயங்காலம் சைக்கிளில் போகிறவர்கள் புஜத்தில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்பு விளக்குப் பட்டை. இதற்குத் தனி சுவிட்ச் கிடையாது. பட்டையின் பிரஸ் பட்டனைப் போட்டால் எரியும், கழற்றினால் அணையும்.

பழைய ஜீன்ஸ் துணி, கொஞ்சம் எலாஸ்டிக், உலோகப் பிரஸ் பட்டன் ஒரு ஜோடி, துளை வைத்த தைக்கும் வகை சிவப்பு எல்இடி மூன்று, சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி, அதைத் தைத்து மாட்டும் ஹோல்டர், மின்சாரம் கடத்தும் ஸ்டீல் நூல். இவ்வளவுதான். 2007-இல் ஆராய்ச்சியாளர் லியா பியூக்லி வடிவமைத்த லிலிபேட் ஆர்டுயினோ என்ற, துணியில் தைக்கும் சின்னக் கணினி போர்டு கடைக்கு வந்தது. துணியில் தைக்கும் எலக்ட்ரானிக்ஸ் அதற்கப்புறம்தான் பலர் கைக்கு எட்டியது. நமக்கு இப்போது அந்த போர்டுகூட வேண்டாம்.

சர்க்யூட் வரைய உட்காராதீர்கள், முதலில் கையை அளங்கள். தொங்கவிட்டு ஒரு தடவை, முஷ்டியை இறுக்கி முழங்கையை மடக்கி ஒரு தடவை. மடக்கும்போது புஜம் புடைக்கும். அந்த வித்தியாசத்துக்கு எலாஸ்டிக் இடம் கொடுக்காவிட்டால் பட்டன் தெறித்து, விளக்கும் அணைந்துவிடும்.

அப்புறம் துணியைக் கையில் கட்டி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் நீட்டுங்கள். பின்னால் ஒருவர் நின்று, தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சாக்பீஸால் மூன்று புள்ளி வைக்கட்டும். மேசையில் விரித்துக் குறித்தால் விளக்கு எங்கேயோ திரும்பி நிற்கும். ஹோல்டரும் வெளிப்பக்கமே இருக்கட்டும். உள்பக்கம் விலாவில் உரசும், வியர்வையும் அதிகம்.

இனி தையல். ஹோல்டரின் பிளஸ்ஸில் தொடங்கி, மூன்று எல்இடிகளின் பிளஸ் துளைகள் வழியாக ஒரே நூலை ஓட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் மூன்று நான்கு சுற்று, இறுக்கமாக. மைனஸ் துளைகளை இன்னொரு நூலால் கோர்த்து, பட்டையின் ஒரு முனைப் பட்டனில் முடியுங்கள். மறுமுனைப் பட்டனிலிருந்து ஹோல்டரின் மைனஸுக்கு மூன்றாவது நூல்.

ஸ்டீல் நூல் நீளாது. அதனால் எலாஸ்டிக்கைக் கடக்கிற இடத்தில் மட்டும், எலாஸ்டிக்கை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜிக்ஜாக்காகத் தையுங்கள். முடிச்சுகளில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். காய்ந்ததும் நூல் வாலை ஒட்ட நறுக்குங்கள். விட்டுவைத்த வால் எதிர் நூலைத் தொட்டால் ஷார்ட்தான்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? அதன் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், அல்லது துளையில் நூல் தளர்ந்திருக்கும்.

உப்பு வியர்வை மின்சாரத்தைக் கசியவிடும், உலோகத்தையும் அரிக்கும். உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்து மூடுங்கள். துவைக்கும்முன் பேட்டரியைக் கழற்றி, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.