நினைவுக்காக வைத்த பழைய ஒயினைத் திறக்கும் முறை

கோவையின் மில் குடும்பங்களிலும் திருப்பூரின் ஏற்றுமதியாளர் வீடுகளிலும் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத ஒயின் பாட்டில் ஒன்றிரண்டு கண்ணாடி அலமாரியில் நிற்பதைக் காணலாம். 1999இல் பாரிசில் நடந்த ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குச் சென்ற அப்பாரு வாங்கி வந்தது, முதல் பெரிய ஆர்டரைக் கொடுத்த ஜெர்மன் பையர் பரிசளித்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அத்தகைய பாட்டிலைத் திறக்க நினைப்பவர், அதன் வயதைக் காலண்டர் மட்டும் தீர்மானிக்கவில்லை, அது இருந்த இடத்தின் வெப்பமும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒயினை முதிர வைக்கும் நிலவறைகளில் வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி வரை இருக்கும். சித்திரையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கோவையைக் குளிர்விக்கிறது என்றாலும், அது பரணுக்குள்ளும் பீரோவுக்குள்ளும் நுழைவதில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், நம் வீட்டு அலமாரியில் இருந்த ஒயின் நிலவறையில் இருந்ததைவிடப் பன்மடங்கு விரைவாக மூப்படைந்திருக்கும். மேலும், கடைகளில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகின்றன. எனவே பேரனின் கல்யாணம் வரை காத்திருப்பதில் பயனில்லை; வரும் மார்கழியிலோ தையிலோ, காற்று குளிர்ந்திருக்கும் ஒரு மாலையில் திறந்துவிடுவதே நல்லது. செய்முறையிலேயே சூடுபடுத்தப்படும் மதெய்ரா என்னும் போர்த்துக்கீசிய ஒயின் மட்டும் இதற்கு விலக்கு. அது நம் வெயிலையும் ஓரளவு தாங்கும்.

திறப்பதற்கு முன் பாட்டிலை விளக்கொளியில் பார்க்க வேண்டும். ஒயினின் மட்டம் கழுத்துப் பகுதியில் இருந்தால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்கிறது. பாட்டிலை நிற்க வைத்தே வைத்திருந்தால் தக்கை உலர்ந்து சுருங்குவதால் இது எளிதில் நேர்ந்துவிடும். தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, பாட்டிலின் வாயை மூடியிருக்கும் உறையில் ஒழுகல் கறை இருந்தாலோ, வெப்பத்தால் ஒயின் விரிந்து வெளியேறியிருக்கிறது என்று பொருள். சிவப்பு ஒயின் செங்கல் நிறத்திற்கும் வெள்ளை ஒயின் பொன்னிறத்திற்கும் மாறுவது வயதின் இயல்பு. இரண்டில் எது பழுப்பாகிவிட்டிருந்தாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். லேபிளில் உள்ள ஆண்டு திராட்சை அறுவடையானதைக் குறிக்கும் என்பதால், 1999இல் வாங்கிய பாட்டிலில் 1995 என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

பழைய சிவப்பு ஒயினில் நிறமிகளும் துவர்ப்புத் தரும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகப் படிந்திருக்கும். உடல்நலத்திற்குத் தீங்கில்லை, ஆனால் கசக்கும். ஆகையால் இரண்டு நாள் முன்பே பாட்டிலை நேராக நிறுத்தி, பிறகு அசைக்காமல் விட வேண்டும். நம் அறை வெப்பம் சிவப்பு ஒயினுக்கு மிகுதி. அது 16 முதல் 18 டிகிரியில் சுவைக்கும் என்பதால், திறக்குமுன் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பிரிட்ஜில், நின்ற நிலையிலேயே வைத்தெடுக்க வேண்டும். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் வண்டல் கலங்கும்.

உறையை வாய்க்குக் கீழே வெட்டி எடுத்து, ஈரத்துணியால் வாயைத் துடைக்க வேண்டும். தக்கையின் மேல் பூஞ்சணம் இருந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் 1990களின் தொடக்கம் வரை ஈயத் தகடு உறையாகப் பயன்பட்டதால், துடைப்பதைத் தவிர்க்கக் கூடாது. பழைய தக்கை பொடிந்துவிடும் இயல்புடையது. இருபுறமும் மெல்லிய தகடு செருகி எடுக்கும் வகைத் திறப்பான் கிடைத்தால் நலம். இல்லையேல் திருகுத் திறப்பானைத் தக்கையின் நடுவில் நேராக இறக்கி, அவசரமின்றி இழுக்க வேண்டும். விருந்தினர் சுற்றி நின்று கைப்பேசியில் படமெடுக்கும்போது இதைச் செய்யாமல், முன்பே தனியாகச் செய்வது மேல் என்பது என் கருத்து. தக்கை உடைந்து உள்ளே விழுந்தால், சோப்பு வாசனை இல்லாத வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

பின்னர், பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் டார்ச் ஒளி படும்படி வைத்து, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் தெளிவை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இளம் ஒயினைப்போல் இதை மணிக்கணக்கில் காற்றாட விடக் கூடாது, ஏனெனில் மிகப் பழைய ஒயினின் மணம் அரை மணி நேரத்திலேயே மங்கிவிடக்கூடும்.

முதலில் எழும் அடைசல் நாற்றம் சில நிமிடங்களில் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது தக்கையால் வந்த கேடு, போகாது. புளிக்காடி நெடி வந்தாலும் முயற்சியை விட்டுவிடலாம். ஒயினின் ஆல்கஹாலும் அமிலமும் நோய்க்கிருமிகளை வளரவிடுவதில்லை என்பதால், கெட்ட ஒயினை ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பதால் உடல்நலம் கெடாது. இப்படி ஆகக்கூடும் என்பதை எதிர்பார்த்து, புதிய பாட்டில் ஒன்றைத் தயாராக வைத்திருப்பவரின் விருந்து கெடாது.

உடன் பரிமாறுவதில் நம் ஊர்ச் சமையலே ஒரு சிக்கல். மிளகாய் தூக்கலான பள்ளிபாளையம் சிக்கனின் முன் மெலிந்துபோன பழைய ஒயின் நிற்காது. நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதமோ காரம் குறைத்த காளான் வறுவலோ அதைத் தாங்கிப் பிடிக்கும்; போர்ட் என்னும் இனிப்பு ஒயின் என்றால் ஒப்புட்டோடு தரலாம்.

மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். அதே பெட்டியில் வந்த இன்னொரு பாட்டில் இருந்தால், முதலாவது கெட்டிருந்தாலும் இரண்டாவதைக் கொட்டிவிடக் கூடாது, ஏனெனில் தக்கைக்குத் தக்கை முதுமை வேறுபடும். அதைப் பரணிலிருந்து இறக்கி, கோடை தொடங்குமுன் திறந்துவிட வேண்டும்.