விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்துக்குள் வர வேண்டிய எண் எது என்று தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் 12 என்பார்கள்; சிலர் கண்ணில் படும் எண்களையெல்லாம் கூட்டி 17 என்பார்கள். வர வேண்டியதோ 7. இவர்களுக்குக் கூட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டுமே பிழையில்லாத கூட்டல்கள்தாம். சமக்குறியை "இனி விடையை எழுது" என்ற கட்டளையாக அவர்கள் வாசிப்பதுதான் சிக்கல், அப்படி வாசிக்கப் பழக்கியவர்கள் நாம்.

ஆண்டுக்கணக்கில் 3 + 5 = என்ற ஒரே வடிவத்தில் கணக்குக் கொடுக்கிறோம்; விடை எப்போதும் வலது ஓரத்தில்தான் வருகிறது. கால்குலேட்டரிலும் அந்தக் குறியை அழுத்தினால் விடை தெரிகிறது. வேல்ஸில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பதையே காரணமாகச் சொன்னார். குழந்தைக்கு முதலில் சேர வேண்டிய பொருளும் அதுதான். ஆகவே கட்டத்தைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே 8 = 3 + 5, 6 = 6, 9 + 1 = 4 + 6 போன்றவற்றை எழுதி, இவை சரியா தவறா என்று பேசவிட வேண்டும். "எட்டும் நான்கும் சேர்ந்தது, ஏதோ ஓர் எண்ணும் ஐந்தும் சேர்ந்ததற்குச் சமம்" என்று வாய்விட்டு வாசிக்கப் பழகிய குழந்தை 12 என்று சொல்வதற்கு முன் ஒரு நொடியாவது நிற்கும். அதே சமயம், கரும்பலகையில் 5 + 3 = 8 + 2 = 10 − 4 = 6 என்று சங்கிலியாக எழுதும் பழக்கத்தைப் பெரியவர்கள் உடனே விட வேண்டும். ஐந்தும் மூன்றும் பத்துக்குச் சமம் என்று அந்த வரி சொல்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை, குழந்தையோ அதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

அடுத்த தவறுதான் மிக அதிகமான பிழைகளுக்கு வேர் என்பது என் கருத்து. "அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்" என்ற சூத்திரத்தைக் காரணம் சொல்லாமல் முதல் பாடத்திலேயே கொடுத்துவிடுகிறோம். ஒரு சிறுமியின் நோட்டில் 3க = 12 என்ற கணக்கைப் பார்த்தேன்; க என்பது கண்டுபிடிக்க வேண்டிய எண், 3க என்பது அதன் மூன்று மடங்கு. அதன் கீழே க = 12 − 3 என்றும், அதற்கும் கீழே க = 9 என்றும் அழகான கையெழுத்தில் இருந்தது. ஏன் கழித்தாய் என்று கேட்டதற்கு, "மூணு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்ல?" என்றாள். சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்திருந்தாள். எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பது மட்டும் அவளுக்குச் சொல்லப்படவே இல்லை.

தராசு இதற்கு நல்ல துணை. இடத் தட்டில் ஒரே எடையுள்ள மூன்று மூடிய பைகள், வலத் தட்டில் ஒரே அளவான 12 கட்டைகள் என்று படம் வரைந்தால், ஒரு பைக்கு எத்தனை கட்டை என்பதை அறிய வலது பக்கத்தையும் மூன்றாகப் பங்கிட வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். க + 3 = 12 என்றால் இரு தட்டிலிருந்தும் மூன்று கட்டைகளை எடுக்கிறோம்; இங்கே கழித்தல், பைகளில் வகுத்தல், காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலிருந்த அல்-ஜப்ர் என்ற சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று. கழிக்கப்பட்டதை இருபுறமும் கூட்டிச் சமன்பாட்டைச் சீர்செய்வதையே அச்சொல் குறித்தது. சில மாதங்கள் இருபுறமும் செய்து பழகிய பிறகு குழந்தை தானாகவே குறுக்குவழியைக் கண்டுகொள்ளும். அப்போது அதைத் தடுக்க வேண்டியதில்லை.

"எதிர்ச் செயலைச் செய்" என்ற அறிவுரையும் பாதி உண்மைதான். □ − 6 = 15 என்பதற்கு 15-உடன் 6-ஐக் கூட்டினால் 21 கிடைக்கும், அது சரி. அதே பழக்கத்தில் 15 − □ = 6 என்பதற்கும் கூட்டி 21 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். 15 அலகு நீளமுள்ள ஒரு பட்டையை வரைந்து, அதில் 6 அலகு மீதியாக நிற்பதைக் காட்டினால், விடுபட்ட துண்டு முழுப் பட்டையைவிடப் பெரிதாக இருக்கவே முடியாது என்பது புரியும்.

வாக்கியக் கணக்குகளில் "அதிகம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி என்று சொற்களை அடையாளமாகக் கொடுப்பது இன்னொரு கண்ணி. அக்காவிடம் 12 பென்சில்கள் இருக்கின்றன, இது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம், தம்பியிடம் எத்தனை? "அதிகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட குழந்தை 17 என்று எழுதும். யாரிடம் கூடுதலாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்; எந்த எண்ணையும் தொடாமல் கதையைச் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கட்டத்துக்குப் பதிலாக எழுத்து வரும்போது, அது பொருளின் பெயர்ச்சுருக்கம் என்று விளக்குவது எளிதாகத் தோன்றினாலும் பின்னால் பெரும் இடராகிறது. ஒரு மேசைக்கு நான்கு நாற்காலிகள் என்பதை ம = 4ந என்று எழுதுபவர், ம என்பதை மேசை என்றும் ந என்பதை நாற்காலி என்றும் வாசிக்கிறார். அவை மேசைகளின் எண்ணிக்கையும் நாற்காலிகளின் எண்ணிக்கையும் ஆகும். 10 மேசைகளுக்கு 40 நாற்காலிகள் தேவை, எனவே ந = 4ம என்பதே சரி. இதே அமைப்பில், ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற கூற்றைச் சமன்பாடாக எழுதச் சொன்ன ஆய்வொன்று அமெரிக்காவில் 1981-இல் வெளியானது. பொறியியல் படிப்பின் முதலாண்டு மாணவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தவறு செய்திருந்தார்கள். சிறு வயதில் ஊன்றிய கருத்து எவ்வளவு தூரம் கூடவே வருகிறது என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. எழுத்தைச் சொல்லும்போதெல்லாம் "எத்தனை" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.

□ + 3 = 5 என்பதற்குப் பார்த்தவுடனே 2 என்று சொல்லும் குழந்தையிடம் நான்கு வரி எழுதிக் காட்டச் சொல்வதும் நியாயமில்லை. ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்துவது நேர்மையான கணித வழிதான். முறை வேண்டுமென்றால், முறை தேவைப்படும் எண்களைக் கொடுக்க வேண்டும்; □ + 47 = 112 என்று கொடுத்தால் ஊகம் களைத்துப்போய், குழந்தையே வேறு வழி தேடும்.

கடைசியாக, விடை வந்ததும் சரி அல்லது தவறு என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். விடுபட்ட எண் கணக்குகளில் அந்தத் தீர்ப்பைச் சொல்ல நாம் தேவையே இல்லை. கிடைத்த எண்ணை அதன் இடத்தில் வைத்தால் கணக்கே சொல்லிவிடும். அந்தச் சிறுமியிடம், க இருக்கும் இடத்தில் உன்னுடைய 9-ஐ வைத்துப் பார் என்று மட்டும் சொன்னேன். "மூணு ஒன்பது இருபத்தேழு" என்று முணுமுணுத்தவள், எழுதியிருந்த 12-ஐச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்தாள்.