ஐபிஎஸ் (IBS) குடல் பிரச்சினை: சாம்பாரில் ஒளிந்திருந்த காரணம்

ஆபீஸ் கிளம்புவதற்குள் 3 முறை கழிவறை. வயிறு உப்பி முறுக்கும். பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் கோளாறு எதுவும் இல்லை. ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்றார் டாக்டர்.

மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, ஃபாட்மேப் (FODMAP) எனப்படும், குடலில் சரியாகச் செரிக்காத சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறையை, டயட்டீஷியன் சொன்னபடி 4 வாரம் கடைப்பிடித்தேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாம் நிறுத்தம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, வயிறு என்ன செய்தது என்று நோட்டில் குறித்தேன். பால் ஒத்துக்கொண்டது. வெங்காயமும் பூண்டும்தான் படுத்தின.

அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற செரிக்காத சர்க்கரை வகை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெந்த வெங்காயத்தை ஒதுக்கிவைத்தும் வலித்தது அதனால்தான். ஃபிரக்டான் குழம்பில் இறங்கியிருந்தது. இப்போது முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறோம். மணம் அப்படியே இருக்கிறது!

மாதக் கடைசி வேலை நெருக்கடியில் மட்டும் இன்னும் முறுக்குகிறது. மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடை இழப்போ இருந்தால் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.