பின்வரிசை இருட்டு எப்படிச் சரியானது

வீட்டில் பத்துப் பேரை இரண்டு வரிசையாக வைத்துப் படம் எடுத்தேன். முன்னால் உட்கார்ந்த குழந்தைகளின் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் நின்ற தாத்தா பாட்டி முகம் இருட்டு. ஃபிளாஷ் பவரைக் கூட்டினால் குழந்தைகள் இன்னும் வெளுத்தார்கள்.

கோளாறு ஃபிளாஷ் இருந்த இடத்தில்தான். முன்வரிசைக்கு 1 மீட்டர், பின்வரிசைக்கு 2 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். ஃபிளாஷ் ஸ்டாண்டை 2 மீட்டர் பின்னுக்குத் தள்ளினேன். தூரம் 3, 4 மீட்டர் என்றானதும் முன்வரிசைக்குக் கிடைப்பதில் பாதிக்கு மேல் பின்வரிசைக்கும் கிடைத்தது. மொத்த வெளிச்சம் குறையும். பவரை ஏற்றிச் சரிசெய்தேன். ஸ்டாண்டை நன்றாக உயர்த்தியதும் பின்னால் இருப்பவர் முகத்தில் விழுந்த நிழலும், மூக்குக்கண்ணாடிப் பளபளப்பும் போய்விட்டன.

அப்புறம் தாத்தா பாட்டியை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர்களை நிற்க வைத்திருக்கவே கூடாது. மற்றவர்கள் நாற்காலி முதுகை ஒட்டி, இரண்டு தலைக்கு நடுவே ஒரு முகம் தெரிகிற மாதிரி நின்றார்கள். வரிசைகள் நெருங்கியதால் எஃப் 8 அபர்ச்சரிலேயே (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) எல்லார் கண்ணும் தெளிவு. கண் மூடுபவர்களுக்காக எட்டுப் படம் எடுத்தேன். ஐந்தாவதில் பாட்டி சிரித்துவிட்டார். அதைத்தான் பெரிதாகப் பிரின்ட் போட்டேன்.