டாஸ்மாக் பார் மேல கம்ப்ளைன்ட் குடுக்கறது எப்படி? மொத தடவை மனு எழுதறவங்களுக்கு

எங்க ஊரு தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல, ஈசிஆர்ல இறங்கி கடல் பக்கமா உள்ள போகணும். விடியக்காலம் கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டுட்டு காசை வாங்குன கையோட சில பேரு நேரா போறது டாஸ்மாக்கை ஒட்டி இருக்க பாரோட பின்வாசலுக்கு. ஆனா கடை திறக்கறதே மதியம் 12 மணிக்குத்தான், 2016ல இருந்து அதான் நேரம், ராத்திரி 10க்கு மூடிரணும். அப்ப காலையில ஆறு மணிக்கு குவார்ட்டர் எங்கிட்டு இருந்து வருது?

இதைக் கேட்டு நான் எழுதுன மொத மனு ரெண்டு பக்கம். தாய்மார்கள் கண்ணீர், இளைஞர் சமுதாயம் சீரழிவுன்னு மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஸ்டேஷன்ல ஒரு ஏட்டய்யா முழுசா படிச்சுட்டு "எல்லாம் சரி தம்பி, இதுல குத்தம் எங்க இருக்கு?"ன்னாரு. கோவம் வந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து திரும்ப படிச்சா அவரு சொன்னது நியாயம்தான், தேதி இல்ல, நேரம் இல்ல, எந்த விதிய மீறுனாங்கன்னு ஒரு வரி இல்ல.

அதனால மொத வேலை, கடை வேற பார் வேறன்னு பிரிச்சுக்கறது. கடை அரசாங்கத்தோடது, உள்ள இருக்க சூப்பர்வைசர், சேல்ஸ்மேன் எல்லாம் டாஸ்மாக் ஆளுங்க. பார் டெண்டர் எடுத்த தனியாரோடது. பார்ல சைடு டிஷ் விக்கலாம், சரக்கு விக்கவே கூடாது, மதியம் ரெண்டு மணிக்கு வித்தாலும் தப்புதான். டூரிஸ்ட் வர்ற பக்கம் ஹோட்டல் பார்னா அது எஃப்எல் 3 லைசென்ஸ், கிளப்னா எஃப்எல் 2. எது மேல எழுதறோம்னு மனுவோட மொத வரியிலயே இருக்கணும், கடை நம்பர் போர்டுலயே எழுதியிருக்கும் பாருங்க.

அடுத்து எது விதிமீறல்னு பாருங்க. நேரம் சொல்லிட்டேன். 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாது. கோயில், பள்ளிவாசல், சர்ச், ஸ்கூல் இதுங்கள்ல இருந்து கிராமத்துலயும் பேரூராட்சியிலயும் 100 மீட்டர், நகராட்சி மாநகராட்சின்னா 50 மீட்டர் தள்ளி இருக்கணும், ஆனா கடை வந்ததுக்கு அப்புறம் கட்டுன கோயிலுக்கு இது பொருந்தாது, இதைத் தெரியாம நெறைய மனு அடிபடுது. எம்ஆர்பிக்கு மேல வாங்கறதும் தப்பு, அதுலயும் ஒரு குழப்பம் இருக்கு, பாட்டிலுக்கு 10 ரூவா கூட வாங்கிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அதைத் திரும்பத் தர்ற திட்டம் 2022ல நீலகிரியில ஆரம்பிச்சு வேற மாவட்டத்துக்கும் போச்சு, அந்த பத்து ரூவாய கொள்ளைன்னு எழுதிடாதீங்க.

பாட்டில்ல ஹாலோகிராம் ஸ்டிக்கர் இல்லைன்னாலோ, புதுச்சேரி, காரைக்கால் சரக்குன்னு லேபிள்ல தெரிஞ்சாலோ, லேபிளே இல்லாம கேன்ல வந்தாலோ மனு எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால.

இப்ப குறிப்பு எழுதறது. ஒரு வாரம் ஒரு நோட்டுல தேதி, நேரம், பார்த்தது மட்டும் எழுதுங்க. "செவ்வாய், காலை 6.10, பின்வாசல், நாலு பேர் பாட்டிலோட வெளிய வந்தாங்க" அவ்ளோதான். உள்ள போயி வீடியோ எடுக்கற ஹீரோ வேலை வேணாம். சின்ன ஊரு, பார் எடுத்தவரு யாராச்சும் ஒருத்தருக்கு மாமனோ மச்சானோவாத்தான் இருப்பாரு. ரோட்டுல நின்னு தூரத்துல இருந்து ஒரு போட்டோ போதும், அதுலயும் குடிக்க வந்தவங்க மூஞ்சி வேணாம், நம்ம சண்டை அவங்களோட இல்ல.

எங்க குடுக்கறது? இப்பவே வித்துட்டு இருக்காங்கன்னா 10581, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவோட இலவச நம்பர். அடிதடின்னா 100. ஆற அமர குடுக்கறதுன்னா திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலயே போயிருங்க, வெளிய மனு எழுதித் தர்றவங்க இருப்பாங்க, ஆனா நீங்களே எழுதுங்க, அவங்க எழுதுனா திரும்ப தாய்மார்கள் கண்ணீர் வந்துரும். பெறுநர்ல கலெக்டர், நகல்ல உதவி ஆணையர் கலால், டாஸ்மாக் மாவட்ட மேலாளர், எஸ்பி. ஒரே பக்கம், மேல கடை நம்பர், நடுவுல நோட்டுல இருந்து அஞ்சு தேதி, கீழ என்ன செய்யணும்னு ஒரு வரி: "பாரை ஆய்வு செய்து உரிமத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன்." முதலமைச்சர் ஹெல்ப்லைன் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம், நம்பர் தருவாங்க, ஆனா பல நேரம் அது சுத்தி நம்ம ஊர் ஸ்டேஷனுக்கேதான் வரும். அதனால ஒத்தை ஆளா கையெழுத்துப் போடாதீங்க. எங்க ஊர்ல மீன் விக்கற அக்காமாரும் குழு பொம்பளைகளுமா இருபத்தி மூணு பேரு போட்டாங்க, இருபத்தி மூணு வீட்டுக்குப் போயி மிரட்ட எவனுக்கும் நேரம் இருக்காது.

கிராமசபைய மறந்துராதீங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் கிராமசபை கூடும், அதே நாலு நாளும் கடை லீவு, அதனாலயே பின்வாசல்ல ரேட்டு எகிறி ஓடறதும் அன்னைக்குத்தான். அங்கிட்டு வித்துட்டு இருக்கும்போதே இங்கிட்டு தீர்மானம் எழுதலாம். தீர்மானம் போட்டதுனால மட்டும் கடை மூடிறாது, ஆனா நகலை மனுவோட பின் பண்ணுனா அதுக்கு ஒரு கனம் இருக்கு.

ஒரு மாசமா பதிலே இல்லைன்னா ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கறது. 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு எண் இன்னது, அது மேல எடுத்த நடவடிக்கை என்ன, ஆய்வு அறிக்கை நகல் வேணும், இந்த பாருக்கு உரிமம் எந்த தேதி வரைக்கும்னு கேளுங்க. 30 நாள்ல பதில் சொல்லியாகணும். எங்களுக்கு இந்த கடைசிக் கேள்விதான் வேலை செஞ்சுது, பாருக்கு லைசென்ஸ் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு.

பின்வாசல அடைச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப திறந்தாங்க, நாங்களும் பழைய மனு எண்ணை மேல எழுதி திரும்ப குடுத்தோம். அதனால மனு குடுக்கும்போது மனு எண் போட்டுத் தர்ற ரசீதை வாங்குன உடனே போட்டோ எடுத்து நாலு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. எங்க ஒரிஜினல்ல மதினி நெத்திலி பொதிஞ்சு குடுத்துருச்சு.